நீர்மட்டம் மட்டும் சரி

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

போனை நீ எடுப்பதில்லை. மாமாவைக் கூப்பிட்டால், "குளிச்சிட்டு இருக்காப்பா" என்கிறார். இரண்டு வருடமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். அதனால்தான் கடிதம்.

சமாதானம் பேச எழுதவில்லை, பயப்படாதே. நகராட்சிக் கூட்டத்தில் நடந்தது கூட்டத்தோடு போயிற்று என்று நான் நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை என்று தெரிகிறது. அதைப் பிறகு பார்ப்போம். இப்போது ஒரு கணக்கு எனக்கு நேராகவில்லை. அதற்கு உன் உதவி வேண்டும்.

மாமாவும் இதைப் படிப்பார் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இடைவெளி. கீழே கனமான இடம் வந்தால் முன்னால் போவதை அது முதலில் இழுக்கும், இடைவெளி கூடும். பிறகு பின்னால் வருவதையும் இழுக்கும், இடைவெளி குறையும். அந்த வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அதை அளந்துவிடுகிறார்கள். ஒரு நிலப்பரப்பு போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு கனம் குறைந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரியும். மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் மாறாது. மாறுவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஆனால் அது மொத்த எடையைத்தான் சொல்லும். எந்தத் தண்ணீர் என்று சொல்லாது. மொத்தத்திலிருந்து மண்ணின் ஈரத்தைக் கழிக்க வேண்டும், அணைத் தண்ணீரைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருப்பது நிலத்தடி நீர். இந்த நான்கு வறண்ட வருடங்களில் நம் ஆற்றுப் படுகை இழந்த நீரைப் பத்துப் பங்கு என்று வை. மண்ணுக்கு இரண்டு, அணைக்கு ஐந்து. மிச்சம் மூன்று. கூட்டம் நடந்தபோது இரண்டு வருடக் கணக்குதான் இருந்தது, அதிலும் இதே மூன்றைத்தான் சொன்னேன். மூன்று என்றால் தாங்கும். அதை நம்பித்தான் நகராட்சி அறுபது ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்தது.

இப்போது படுகை முழுவதும் நாங்கள் அளந்துவரும் நாற்பது கிணறுகளைப் பார்த்தேன். அவை மூன்று என்று சொல்லவில்லை. அதிகமாகச் சொல்கின்றன. செயற்கைக்கோளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். மண் ஈரத்தையும் பார்த்துவிட்டேன். மிச்சம் அணை.

உங்கள் அலுவலகம் அனுப்பும் கணக்கு சரிதானா? இதை மட்டும் சொல்.

தம்பி


ஜனவரி 19

அனுப்புநர்: உதவிப் பொறியாளர், நீர்மட்டப் பிரிவு, அணை அலுவலகம்.
பெறுநர்: முதுநிலை ஆராய்ச்சியாளர், நீர்வள ஆய்வு மையம்.
பொருள்: நீர்த்தேக்க விவரம் கோரியது தொடர்பாக.

ஐயா,

ஜனவரி 11 நாளிட்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. இவ்வணையின் நீர்மட்டம் தினமும் காலை எட்டு மணிக்கு என்னால் நேரில் பார்க்கப்பட்டுப் பதிவு செய்யப்படுகிறது. அதற்குரிய கொள்ளளவு, அணை கட்டப்பட்ட காலத்து அட்டவணைப்படி குறிக்கப்படுகிறது. இவ்விரண்டும் தங்கள் மையத்துக்கு மாதந்தோறும் அனுப்பப்பட்டு வருகின்றன. கூடுதல் விவரம் தேவைப்படின் உரிய வழியில் செயற்பொறியாளருக்கு விண்ணப்பிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
உதவிப் பொறியாளர்

பி.கு.: எங்கள் ஐஸ் கம்பெனிக் கிணறு போன வாரம் வற்றி நின்றுவிட்டது. உன் மாமா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.


ஜனவரி 27

அக்கா,

"தங்கள் உண்மையுள்ள" வரை போய்விட்டாய். இருக்கட்டும்.

கிணறு நின்றதைப் படித்தவுடன் மாமாவைக் கூப்பிட்டேன். "பரவாயில்லப்பா, மோட்டாரை இன்னும் கீழ இறக்கிப் பாக்குறோம்" என்றார். அந்தக் குரலில் பரவாயில்லை என்பது இல்லை. பழைய கிணறு வற்றியபோது புதிதாக ஆழக் கிணறு போடலாமா என்று அவர் என்னைத்தான் கேட்டார். "போடுங்க மாமா, கீழ தண்ணி இருக்கு" என்று நான்தான் சொன்னேன். அது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஒன்றை நீயும் புரிந்துகொள். செயற்கைக்கோள் பார்ப்பது ஒரு தெருவையோ ஒரு கம்பெனியையோ அல்ல. முந்நூறு நானூறு கிலோமீட்டர் அகலத்தை மொத்தமாகப் பார்க்கிறது. அந்தக் கணக்கு படுகை முழுவதற்கும் சேர்த்து. ஒரு கிணறு வற்றினால் அந்த இடத்துப் பாறையாக இருக்கலாம், பக்கத்தில் யாராவது அதிகமாக இறைக்கலாம். ஒரு கிணற்றை வைத்து என் கணக்கு தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் நான் சிரித்ததுதான் உன் கோபத்துக்குக் காரணம் என்றால் மன்னித்துவிடு. நீ எழுந்து நின்று, "அணைக் கணக்கு எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டாய். "உங்க ஆபீஸ்லேர்ந்துதான் மேடம், நீங்களே கையெழுத்து போட்டது" என்றேன். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது அக்கா, நடுவில் தடங்கல் வந்ததும் அப்படி வாயில் வந்துவிட்டது. நீ உட்கார்ந்துவிட்டாய்.

இப்போது கேட்கிறேன். அன்று நீ என்ன சொல்ல எழுந்தாய்?

தம்பி


பிப்ரவரி 6

டேய்,

ஐயா கொய்யா எல்லாம் இனி இல்லை. உன் கடிதத்தைப் படித்த கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

"என் கணக்கு ஒரு கிணற்றுக்கு இல்லை" என்கிறாய். நகராட்சி வாசலில் ஒட்டியிருந்த தாளில் அப்படியா இருந்தது? "நிலத்தடி நீர் இருப்பு பாதுகாப்பான நிலையில் உள்ளது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே உன் மையத்தின் முத்திரை. அதைப் படித்தவனுக்கு முந்நூறு கிலோமீட்டர் அகலம் தெரியுமா? அவனுக்கு இருப்பது ஒரு கிணறு. பாதுகாப்பு என்றால் தன் கிணறு என்றுதான் நினைப்பான். நல்ல செய்தி சொல்லும்போது எல்லார் கிணற்றையும் சேர்த்துக்கொண்டாய். வற்றினதும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாய்.

மோட்டாரை இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு நாள் சேறும் தண்ணீருமாக வந்தது. பிறகு காற்று வந்தது. சனிக்கிழமை கம்பெனியை மூடியாயிற்று. மூடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. உன் மாமா வழக்கம்போல் போய், வேலைக்காரர்கள் ஏழு பேரையும் வைத்துக்கொண்டு ஐஸ் அச்சுத் தொட்டிகளைத் துடைக்கச் சொன்னார். அவர்களும் துருவை எல்லாம் சுரண்டி, புதுசு மாதிரி ஆக்கினார்கள். அப்புறம் துடைக்க ஒன்றும் இல்லை. "சாரே, திங்கக்கிழமை வரட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். இவர், "நான் சொல்லி அனுப்புறேன்" என்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கம்பெனி இயந்திரம் ஓடும் சத்தம் இல்லாமல் காதில் என்னவோ அடைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

அணைக் கணக்கைக் கேட்டாய். நான் எழுதும் நீர்மட்டம் சரி. ஒரு சென்டிமீட்டர்கூடத் தப்பு இல்லை. அதற்கு மேல் கேட்காதே.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

"நீர்மட்டம் சரி" என்று எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் "எல்லாம் சரி, போடா" என்று எழுதியிருப்பாய்.

நேற்று மத்தியானம் ஒரு வேலை செய்தேன். வேறொரு செயற்கைக்கோள் எடுத்த சாதாரணப் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. உன் நீர்மட்டம் எந்தெந்த நாளில் என்ன என்று எடுத்துக்கொண்டு, அதே நாட்களின் படத்தில் அணையின் நீர்ப்பரப்பை அளந்தேன். உங்கள் பழைய அட்டவணை அந்த மட்டத்துக்கு என்ன பரப்பு சொல்கிறது என்று பக்கத்தில் வைத்தேன். படத்தில் இருப்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தேக்கத்தின் மேல்பக்கம், ஆறு வந்து சேரும் இடத்தில், தண்ணீர் இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பாக இருக்கிறது.

ஒரு மத்தியான வேலை. இரண்டு வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டியது. அரசாங்க அட்டவணை என்றதும் நான் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்போதே ஆறு கிணறுகள் என் கணக்கோடு ஒத்துவரவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கிணறுகள், அதனால்தான் அதிகமாக இறங்கியிருக்கின்றன என்று அவற்றைத் தள்ளிவிட்டேன். நான்கு கிணறுகளுக்குப் பக்கத்தில் மோட்டார் இருந்தது உண்மை. மற்ற இரண்டுக்கும் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அணைக்குள் என்ன இருக்கிறது அக்கா?

தம்பி


பிப்ரவரி 25

தம்பி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

சேறு இருக்கிறது. அறுபது வருடமாக ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறு. ஆறு வருடத்துக்கு முன் அடிமதகு பாதியில் நின்று திறக்க மறுத்தது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம். படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய், கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி மூன்று வரிசையில் ஆழம் பார்த்தேன். நாற்பத்தொரு மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கயிறு இருபத்தாறில் நின்றது. குண்டை மேலே இழுத்தால் சாம்பல் நிறத்தில் தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

குறிப்பு எழுதி அப்போதிருந்த செயற்பொறியாளர் மேசையில் வைத்தேன். நல்ல மனிதர், கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இதை நான் மேல அனுப்பினா, பாசனக் கணக்கு, மின்சாரக் கணக்கு, நகரத்துத் தண்ணிக் கணக்கு எல்லாத்தையும் மாத்தணும்மா. யாரும் நமக்கு நன்றி சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார். அந்தக் குறிப்பு எந்தக் கோப்பிலும் இல்லை.

அதன் பிறகும் தினமும் காலை எட்டு மணிக்கு மட்டத்தைப் பார்க்கிறேன். அட்டவணையைப் பார்த்து எதிரில் கொள்ளளவை எழுதுகிறேன். கையெழுத்துப் போடுகிறேன். மட்டம் உண்மை, பக்கத்துக் கட்டம் பொய். மட்டம்தான் என் வேலை, கட்டம் அட்டவணையின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அணைத் தண்ணீர் கணக்கில் ஐந்து பங்கு குறைந்தது என்றால் உண்மையில் மூன்றுதான் குறைந்திருக்கும். அவ்வளவு தண்ணீர் அதில் முதலிலேயே இல்லை. அப்படியானால் மிச்சம் இரண்டு எங்கிருந்து போனது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? உன் பேச்சைக் கேட்டபோது அரங்கத்தில் உட்கார்ந்தபடியே இந்தக் கூட்டல் கழித்தல் எனக்கு ஓடிவிட்டது. அதனால்தான் எழுந்தேன்.

நீ சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக உன்மேல் கோபம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவந்தேன், நானும் அப்படித்தான் நம்பினேன். இந்தக் கடிதம் எழுதும்போதுதான் தெரிகிறது. நீ சிரித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, சொல்ல வேண்டியதில்லை என்று. கோபத்தை அதற்கு மேலே போட்டு மூடிக்கொண்டேன்.

மாமா ஆழக் கிணறு போட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை யோசித்துப் பார்.

இதை உன்னோடு வைத்துக்கொள். கம்பெனி மூடியாகிவிட்டது. வீட்டில் இப்போது வேலை என்று இருப்பது எனக்குத்தான்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலக மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். திட்டலாமா, அழலாமா, நன்றி சொல்லலாமா என்று தெரியவில்லை. நான் சிரிக்காமல் இருந்திருந்தால் நீ அன்றே சொல்லியிருப்பாயோ என்றும் யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன் என்று நீ பெருந்தன்மையாகச் சொல்வாய். நான் அதை ஏற்கவில்லை.

வைத்துக்கொள் என்று கேட்டாய். உன் பெயரை வைத்துக்கொள்கிறேன். விஷயத்தை வைத்துக்கொள்ள முடியாது. அறுபது கிணறுகளில் பத்தொன்பது போட்டாகிவிட்டது. மிச்சம் நாற்பத்தொன்றுக்கு மே மாதத்தில் இயந்திரம் வருகிறது. மூன்று என்று நினைத்து இறைக்கிறார்கள், நிஜத்தில் ஐந்து போயிருக்கிறது. கீழே இருப்பது இன்று பெய்து இன்று நிறைவது இல்லை.

படத்தை மட்டும் வைத்து எங்கள் மைய இயக்குநரிடம் போனேன். நிதானமாகப் பார்த்தார். "பரப்பு குறைஞ்சிருக்கு, சரி. ஆழம் யார் பாத்தா? படத்துல அடி தெரியாதே" என்றார். துறை கொடுத்த அட்டவணை இருக்கும்போது ஒரு படத்தை வைத்து அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, மையத்துக்குத்தான் கெட்ட பெயர் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம். படத்தை வைத்துப் பார்த்தால் அணையின் பங்கு இரண்டரையிலிருந்து நான்குவரை எங்கேயும் இருக்கலாம்.

எப்படியானாலும் என் கணக்கைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். "மூன்று என்று சொன்னது தவறு, எவ்வளவு என்று இப்போது தெரியாது" என்று. அதற்கு யாரும் கிணற்றை நிறுத்தமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் எழுதுவேன்.

உன் பெயர் எங்கேயும் வராது. நீ நிம்மதியாக இரு.

தம்பி


மார்ச் 24

தம்பி,

"நிம்மதியாக இரு" என்று நீ எழுதியது ஊசி மாதிரி குத்தியது. தெரிந்துதான் எழுதினாயா? நீ அந்த அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை.

முதலில் மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "அணைக் கணக்கு பொய்னு எனக்கு முன்னாலயே தெரியும். நீங்க கிணறு போடறப்பவும் தெரியும்" என்றேன். தட்டைக் கழுவினார். என் தட்டையும் வாங்கிக் கழுவினார். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். "எனக்குச் சொல்லாம இருந்தத விடு. தினமும் கையெழுத்து போடறப்ப உனக்கே நீ என்ன சொல்லிக்கிட்டே?" அன்றுதான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

பதினைந்து நாள். அணை கட்டியவர்கள் இரண்டு கரையிலும் அளவுக்கல் நட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்பது ஜோடி. இரண்டு ஜோடி முள்ளுக்குள் மறைந்திருந்தன, வெட்டித் தேடினோம். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே படகில் நேர்கோடாகப் போய் ஆழம் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கிவிட்ட இடங்களில் நடந்தே பார்த்தோம்.

படகுக்காரர் முதல் நாளே கேட்டார். "அம்மா, இதுக்கு ஆர்டர் இருக்கா?"

"இல்லை."

"யாராவது கேட்டா?"

"நான் கூப்பிட்டேன், நீங்க வந்தீங்க. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்."

அவர் யோசித்தார். "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கவே இல்லையே" என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை, பாவம். எனக்குத்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். நீர்மட்டம் இறங்கியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஆறு வருடத்துக்கு முன் இருபத்தாறு இருந்த இடத்தில் இப்போது இருபத்து மூன்று. ஐந்தாம் வரிசையில் காற்று கிளம்பிப் படகு நிற்கவில்லை, அந்த வரிசையை மறுநாள் முழுவதுமாகத் திரும்ப எடுத்தேன். ஏழாம் வரிசையில் பதினொரு இடம் எனக்குத் திருப்தி இல்லை. அவற்றுக்கு எதிரில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

புதிய அட்டவணை இத்துடன் இருக்கிறது. இந்த நான்கு வருடத்தில் அணையில் குறைந்த தண்ணீர் மூன்று பங்குதான். கால் பங்கு கூடலாம், குறையலாம். ஒவ்வொரு தாளிலும் என் முழுக் கையெழுத்தும் பதவியும் போட்டிருக்கிறேன். ஒரு பிரதி செயற்பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. ஆகவே நீ என் பெயரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அந்தச் சிரமத்தை விட்டுவிடு.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

நேற்று கூட்டம். முழுவதையும் எழுதுகிறேன், செய்தித்தாளில் பாதிதான் வரும்.

இயக்குநர் உன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஏழாம் வரிசையில் நீ குறித்திருந்த பதினொரு இடங்களை விரலால் தொட்டுக் காட்டி, "இதை எழுதினவங்க மத்ததையும் ஒழுங்காத்தான் எழுதியிருப்பாங்க" என்றார். திருத்தத்தை அறிக்கையின் பின்னிணைப்பில் போடலாமே என்றும் சொல்லிப் பார்த்தார். நான் முதல் பக்கத்தில் போட்டேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. இந்தத் தடவை விளக்கம், வேடிக்கை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. "இரண்டு வருடத்துக்கு முன் இங்கே நின்று மூன்று பங்கு என்று சொன்னேன். அது தவறு. ஐந்து. நாலரை முதல் ஐந்தரைவரை இருக்கலாம்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது.

உங்கள் செயற்பொறியாளர் எழுந்தார், புதியவர். அனுமதி இல்லாமல் எடுத்த அளவு செல்லாது என்றார். நான் படங்களைப் போட்டேன். உன் ஒன்பது வரிசையில் எங்கே கரை தொடங்குகிறதோ, படத்திலும் சரியாக அங்கேதான் தண்ணீர் முடிகிறது. நான் தள்ளிவைத்த ஆறு கிணறுகளில் இரண்டைத் திரும்பச் சேர்த்தேன். அந்த இரண்டுக்கும் பக்கத்தில் எந்த மோட்டாரும் இல்லை, போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். அவையும் ஒத்துப்போகின்றன. வானத்திலிருந்து ஒன்று, தண்ணீருக்குள்ளிருந்து ஒன்று, கிணற்றிலிருந்து ஒன்று. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். துணி வெளுக்கும் கடை வைத்திருக்கிறாராம். "அப்ப இந்த ரெண்டு வருஷமா நாங்க இறைச்சதெல்லாம் என்ன கணக்கு? போனது திரும்பி வருமா?" என்று கேட்டார்.

நல்ல மழை வந்தால் மேல்மட்டம் ஏறும், ஆழத்தில் போனது திரும்ப வர எத்தனையோ வருடம் ஆகும், சில இடங்களில் நம் காலத்தில் வராது என்றேன். "இது யாரோட தப்பு?" என்றார். அணை, அட்டவணை, அலுவலகம் என்று நீட்டிக்கொண்டு போயிருக்கலாம். "கணக்கு போட்டது நான்" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையைவிட இரண்டு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடிவு இதுதான். நாற்பத்தொரு கிணறுகளும் நிறுத்தம். போட்ட பத்தொன்பதையும் நாளுக்கு நான்கு மணி நேரம்தான் ஓட்டலாம். உங்கள் துறை அணையை முறைப்படி அளக்கப்போகிறதாம். நகரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். இந்தத் திட்டத்தின் பொறுப்பு இனி என்னிடம் இல்லை, வேறொருவர் பார்ப்பார். எனக்கு மேசை இருக்கிறது, வேலை இருக்கிறது. வருத்தம் இருக்கிறது, ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

உனக்கு என்ன ஆயிற்று? அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. மாமா, "அவளே எழுதுவா" என்று மட்டும் சொன்னார்.

தம்பி


ஜூன் 5

தம்பி,

எழுதத் தாமதமானதற்குக் காரணம் மூட்டை கட்டியது. மாற்றல் வந்துவிட்டது.

முதலில் ஒரு குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி நீர்த்தேக்கத்தில் அளவீடு செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். "ஆறு வருடத்துக்கு முன் செய்த அளவீட்டைச் சொல்லாமல் விட்டதற்கு விளக்கம் கேட்கப்படாததால், இதற்கும் சேர்த்துத் தருகிறேன்" என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். மாமா படித்துப் பார்த்து, "கடைசிப் பக்கத்தில கொஞ்சம் காரம் குறைச்சுக்கோ" என்றார். குறைக்கவில்லை. வேலையை எடுக்கவில்லை. ஒரு சம்பள உயர்வை நிறுத்தினார்கள், இங்கே அனுப்பினார்கள்.

ஊரில் எல்லாரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதே. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்றதும் குழாயடியில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே, "இவங்களாலதான் தண்ணி நின்னுச்சு" என்றாள். பக்கத்தில் நின்றவர், "இல்லம்மா, இவங்களாலதான் நின்னது தெரிஞ்சுது" என்றார். அதற்கு அவள், "ரெண்டும் ஒண்ணுதான், குடம் காலியாத்தானே இருக்கு" என்றாள். அவளோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. நானும் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா ஐஸ் அச்சுகளை எல்லாம் விற்றுவிட்டார். இங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. முதலாளியாக இருந்தவர் இன்னொருவரிடம் காலையில் கையெழுத்துப் போடுகிறார். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் என்னோடு பேசுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை எதற்கோ சிரித்தார், எதற்கு என்று மறந்துவிட்டேன், சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

இந்த அணை சின்னது. உன் செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் காலை எட்டு மணிக்கு மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். கொள்ளளவுக் கட்டம் வந்தது. எழுத்தர் பழைய அட்டவணையைத் தயாராகத் திறந்து வைத்திருந்தார். எப்போது அளந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் கட்டினப்ப அளந்ததுதான் மேடம்" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டேன். "வெறுமனே விட்டா மேலேர்ந்து கேப்பாங்களே" என்றார். கேட்கட்டும் என்றேன். மூன்றாம் நாள் கேட்டார்கள். அளக்காமல் எழுதமாட்டேன் என்றேன். இரண்டு வாரம் கழித்து, "அப்படியானால் அளந்துகொள்ளவும்" என்று ஒரு வரியில் உத்தரவு வந்திருக்கிறது. ஆள் கொடுக்கவில்லை, உத்தரவு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

நீர்த்தேக்கம் இப்போது முக்கால்வாசி காய்ந்து கிடக்கிறது. படகே வேண்டாம், நடந்து அளந்துவிடலாம். மட்டக் கருவியில் நான் பார்ப்பேன். எதிரில் ஒருவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுத்தருக்கு முட்டி வலி. மாமாவுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை.

மழை தொடங்க மூன்று வாரம் இருக்கிறது என்கிறார்கள். உனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்தால் பேருந்து நிலையத்தில் இறங்கி அணை அலுவலகம் என்று கேள், யாரானாலும் காட்டுவார்கள். வெள்ளைச் சட்டை எதுவும் கொண்டுவராதே, சேறு போகாது. கோலைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும், சாய்த்தால் திட்டுவேன். வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிடலாம்.

அக்கா